ஒரு குப்பிக்குப் பத்துப் பேர்

ஊசி போட்ட இடம் வலிக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. வலித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று அக்கா நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், முந்தாநாள் அவளேதான் வலித்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடு என்றும் அனுப்பியிருந்தாள், இரண்டுக்கும் கீழே கை கூப்பும் படம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஐம்பத்து மூன்று வயது, எனக்கு எது நடந்தாலும் ஆச்சரியப்பட ஆள் கிடையாது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்று பதினான்கு. தலைக்கு மேலே நான் இருபத்தேழு வருஷமாகக் கட்டிக் காக்கிற கோளரங்கத்தின் கவிழ்ந்த கூரை, அதில் காட்சி தொடங்கிவிட்டது, பேசுவதும் நான்தான், அதாவது இருபத்தாறு வயதில் டேப்பில் பதிந்து வைத்த நான், ‘அன்பார்ந்த பார்வையாளர்களே, இதோ கதிரவன் மேற்கே சாய்கிறான், இருள் மெல்லச் சூழ்கிறது’ என்கிறாள் அந்தப் பெண். இருள் எங்கே சூழ்கிறது. சுற்றிலும் பன்னிரண்டு டியூப்லைட் பளீரென்று எரிகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமுகிறது. மேலே நட்சத்திரமெல்லாம் மோரில் போட்ட உப்பு மாதிரி இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கிறது. ‘ஆகா, எத்தனை எத்தனை விண்மீன்கள்’ என்கிறாள். எவள் இவள், நாடகத்தில் ராணி வேஷம் கட்டினவள் மாதிரி இழுத்து இழுத்து, இவளை அப்போதே யாராவது ஒரு அதட்டு அதட்டியிருக்கக் கூடாதா. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டுகிறது, கண்ணாடி ஆவி படிகிறது, துடைக்கக் கையை எடுத்தால் பஞ்சு விழும். எழுந்திருக்க மட்டும் கூடாது. என்ன ஆனாலும் இன்னும் இருபத்தெட்டு நிமிஷத்துக்கு நான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கூடாது.

எல்லாம் பெரிய முதலாளி எழுதி வைத்த பத்திரத்தால் வந்த வினை. சாத்தனேரியில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்துச் சம்பாதித்த மனுஷன், ஊருக்கு ஒரு கல்யாண மண்டபம் கட்டினோமா, தண்ணீர்ப் பந்தல் வைத்தோமா என்று போகாமல், பிள்ளைகள் வானத்தைப் பார்க்கட்டும் என்று கோளரங்கம் கட்டினார். கட்டினவர் கம்பெனிக்காரப் புத்தியில் ஒரு வரியும் சேர்த்தார். ஒரு வருஷம் ஓடாத மிஷினை விற்றுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் தொடர்ந்து முந்நூற்று அறுபத்தைந்து நாள், குறைந்தது பத்துப் பார்வையாளர்கள் ஆரம்பம் முதல் முடிவு வரை இருந்து பார்த்த முழுக் காட்சி ஒன்றுகூட நடக்காமல் போனால், கோளரங்கம் கலைந்து கட்டடம் குடும்பத்துக்கே திரும்பும், அவர்கள் வேறு எதற்கும் வைத்துக்கொள்ளலாம். அப்போது யார் நினைத்தது, முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று. போன வருஷம் மார்ச் பதினாறு சாயங்காலம் கடைசிக் காட்சி. இன்றைக்கு மார்ச் பதினாறு. விரல் விட்டு எண்ணிவிட்டேன், காலண்டரில் கிழித்து எண்ணிவிட்டேன், உதவியாள் லூர்துவை விட்டு எண்ணச் சொல்லிவிட்டேன், இன்றைக்குத்தான் முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள். சின்ன முதலாளி கெட்டவர் இல்லை, அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும். போன வாரம் போனில் கூப்பிட்டு, ‘தங்கபுஷ்பம் அம்மா, நீங்க கவலையே படாதீங்க, வட்டமான ஏசி மண்டபம் இந்த ஜில்லாவிலயே கிடையாது, மண்டபத்துக்கும் ஒரு மேனேஜர் வேணும்ல’ என்றார். சனியின் வளையத்தை இருபத்தேழு வருஷம் காட்டினவள் இனி பந்திக்கு இலை போதுமா என்று பார்க்க வேண்டும். போனில் ‘ரொம்ப நன்றிங்க’ என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன், குக்கர் ஆறு விசில் அடித்துவிட்டது.

தியேட்டரைத் திறக்க உத்தரவு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்தது, மியூசியத்துக்கு வந்தது, நாங்கள் எந்த இனத்தில் சேர்த்தி என்றுதான் மேலே யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கேட்டால் உங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதில், அந்தப் பதிலே மூன்று தடவை வந்தது. இதற்கு நடுவில் எங்களுக்கு ஒரு ஆலோசனைக் குழு வேறு. ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரு அதிகாரமும் கிடையாது, அதனாலேயே ஆலோசனைக்குக் குறைவு கிடையாது. இருபத்தேழு வருஷத்தில் அவர்கள் சொன்னது எதையும் நான் தட்டினதில்லை. கூரைக்கு வெளியே நீல பெயின்ட் அடியுங்கள் என்றார்கள், அடித்தேன், காக்காய் வந்து வெள்ளை நட்சத்திரம் வைத்தது. இந்த ஒரு வருஷத்தில் போனிலேயே பத்தொன்பது கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கால் மணி நேரம் ‘கேக்குதா, கேக்குதா’. பத்தொன்பதாவது கூட்டத்தில்தான் டாக்டர் ஹமீதா ஒரு வழி சொன்னார். அவரும் குழுவில் ஒருத்தர். தடுப்பூசி முகாமுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஊசி போட்டுக்கொண்டவர்களை அரை மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வைக்க வேண்டும், உங்களிடம் நூற்றிருபது சாய்வு நாற்காலி சும்மா கிடக்கிறது, உட்காரும் ஜனத்துக்கு மனத்தெம்புக்காக ஏதாவது காட்டலாம் என்று நானே எழுதித் தருகிறேன் என்றார். எங்கள் காட்சி இருபத்தெட்டு நிமிஷம். அரை மணியில் இருபத்தெட்டு போனால் இரண்டு மிச்சம், செருப்பு மாட்ட. எல்லோரும் போனிலேயே கை தட்டினார்கள். கை தட்டி முடித்ததும் அதே டாக்டர், ‘ஆனா ஒண்ணு, லைட்டை அணைக்கக் கூடாது, இருட்டுல யாரு மயங்கி விழுந்தாங்கன்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்’ என்றார். அதுவும் நியாயம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். விளக்கை எரியவிட்டு நட்சத்திரம் காட்டுவது என்று ஒரு தீர்மானம் எழுதி, வாசித்து, நானே கையெழுத்தும் போட்டேன். உலகத்தில் எந்தக் கோளரங்கத்திலும் அப்படி ஒரு தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள்.

சரி, ஊசியாவது ஒழுங்காகப் போட்டார்களா. காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் பேச்சிசெல்வி ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள், இருபத்தைந்து இருபத்தாறு வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் மாஸ்க் வரைக்கும் இறங்கியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரே ஒரு குப்பி. ‘ஒரு குப்பியில பத்து ஊசி மேடம், திறந்தா பத்தையும் போட்டுரணும், மிஞ்சினா வீண், பத்துப் பேர் சேராம நான் திறக்க மாட்டேன், பன்னெண்டு மணிக்கு அடுத்த ஊர்’ என்றாள். பத்து மணிக்கு நாலு பேர். பத்தரைக்கு ஏழு. ஊரில் ஊசிக்குப் பயந்துகொண்டு ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை, லூர்து டீக்கடை வரைக்கும் போய்க் கூவிப் பார்த்துவிட்டு இரண்டு பேரோடு வந்தான். ஒன்பது. பத்தாவது ஆள் இல்லை. ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன், எல்லோரும் போட்டு என்ன ஆகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்று, ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர்கள் எல்லாம் அப்படித்தானே. பேச்சிசெல்வி, ‘மேடம், சுகர் இருக்குன்னீங்கல்ல, நீங்க போட்டுக்கலாமே’ என்றாள். வேலாயுதப்பெருமாள் ஐயாவும் கதவோரத்து ஸ்டூலிலிருந்து என்னையே பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற சப் ரிஜிஸ்ட்ரார், குழுவில் பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், இன்றைக்குச் சாட்சி அவர்தான், மடியில் நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. ‘நான் சேர்ந்தா பத்து பேர் கணக்கு சரியா வருமா ஐயா’ என்று மெதுவாகக் கேட்டேன். அவர் யோசித்தார். முப்பத்து நாலு வருஷம் யோசித்து யோசித்தே முத்திரை குத்தின மனுஷன். ‘நாற்காலியில உட்கார்ந்து ஊசி போட்ட ஆளாப் பார்த்தா நீங்க பார்வையாளர். எழுந்து ஒரு வேலை பார்த்தா உத்தியோகஸ்தர். முடியற வரைக்கும் எழாம இருங்க, எழுதறேன். எழுந்தா எழுத மாட்டேன்’ என்றார். எழுத மாட்டார். எங்கள் பக்கத்து ஆள்தான், கோளரங்கம் போய்விடுமே என்று ராத்திரி தூக்கமில்லை என்று அவர் சம்சாரம் சொன்னாள், ஆனாலும் நடக்காததை எழுது என்றால் விரலை வெட்டிக்கொள்வார்.

மணி பதினொன்று இருபத்தொன்று. ‘இதோ நம் வடதிசையில் சப்தரிஷி மண்டலம்’ என்கிறாள் டேப்காரி, வடதிசையில் டியூப்லைட். அரங்கின் நடுவே எண்ணெய் போட்டுத் துடைத்த எங்கள் புரொஜக்டர் சுற்றுகிறது, அதன் ஓட்டை ஓட்டையான பெரிய மண்டையைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இந்த ஒரு வருஷமும் நானும் லூர்துவும் இதைத் தினம் ஓட்டினோம், ஓட்டாவிட்டால் கிரீஸ் இறுகிப் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆளில்லாத அரங்கில் தினம் ஒரு முழுக் காட்சி, நான் கன்சோலில், அவன் வாசலில். அதைக் காட்சியாக எழுதக்கூடாதா என்று ஐயாவிடம் கெஞ்சினேன். பார்த்தவர் யார் என்று கேட்டார். லூர்து, ‘மூணு பல்லி இருக்கு சார், தினம் வருது’ என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கன்சோல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, இன்றைக்கு அதில் லூர்து நிற்கிறான். இருபத்தேழு வருஷமும் நான் அங்கே நின்றுதான் காட்சி நடத்தினேன், பிள்ளைகளின் உச்சந்தலையைத்தான் பார்த்தேன், வானத்தைப் பார்க்க நேரம் ஏது, எவன் பொரி உருண்டை தின்கிறான், எவள் டார்ச் அடிக்கிறாள், அதையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இன்றைக்குத்தான் உட்கார்கிறேன். இந்த நாற்காலி இப்படி இடுப்பில் குத்தும் என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லையே. லேசாகப் படபடப்பு மாதிரி இருக்கிறது. மருந்தா, பயமா. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது என்று அது எங்கே சொல்கிறது.

முதல் வரிசையில் ஒற்றை நாற்காலியில் முதல் ஊசிக்காரர், ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன், கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். என்ன பார்க்கிறார். பதினொன்று இரண்டுக்கு ஊசி போட்டார்கள் அவருக்கு, நல்லா ஞாபகம் இருக்கிறது, ‘பதினொண்ணு ரெண்டு, எழுதிக்கம்மா’ என்று நர்ஸுக்கே நேரம் சொன்னவர். பதினொன்று இரண்டு. அரை மணி என்றால் பதினொன்று முப்பத்திரண்டு. காட்சி முடிவது பதினொன்று நாற்பத்திரண்டு. ஐயோ. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஊசி ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தருக்குத்தானே போட்டார்கள். பத்து பேருக்கும் போட்டு முடிக்கப் பதினோரு நிமிஷம். பத்தாவது ஆள் நான் வந்து உட்கார்ந்த பிறகுதானே காட்சியைத் தொடங்கினோம். ஒவ்வொருத்தர் அரை மணியும் ஒவ்வொரு இடத்தில் முடிகிறது. அவர் முப்பத்திரண்டுக்கு எழுவார், அடுத்தவர் முப்பத்து மூன்றுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்குகிற மாதிரி, கடைசியில் நானும் பல்லியும்தான். ஏழு பேர் குழு, பத்தொன்பது கூட்டம், கை தட்டல், ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு இது தோன்றவில்லையே. ஏழு பேர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு ஆறு பேர்தான். கணக்கு வாத்தியார் பிச்சுமணி சார் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்திலேயே கேட்டிருப்பார், ‘அம்மா, எந்த அரை மணி’ என்று. அவர் அப்படித்தான், கை தட்டமாட்டார், ஒரு கேள்வி கேட்பார், எல்லோருக்கும் எரிச்சல் வரும். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்க விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை, அவர் மேல்தான் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு சமயத்தில் கேள்வி கேட்காமல் போய்விட்டாரே.

மணி இருபத்தாறு. என்ன செய்யலாம். கண்டக்டரிடம் போய்ப் பத்து நிமிஷம் இருங்கள் என்று காலில் விழலாம், விழுந்தால் நான் உத்தியோகஸ்தர். சைகை காட்டலாம், அவர் முதுகுதான் தெரிகிறது. எனக்கு மயக்கம் வருகிற மாதிரி சாய்ந்துவிடலாமா, எல்லோரும் பதறிப்போய் இருந்துவிடுவார்கள். இருப்பார்களா, இல்லை ஊசியால்தான் என்று அலறிக்கொண்டு ஓடுவார்களா. ஓடத்தான் செய்வார்கள், நானே ஓடுவேன். காட்சியும் நிற்கும். இரண்டாவது மூன்றாவது ஊசிக்காரர்கள் புருஷன் பெண்டாட்டி, வந்ததிலிருந்து குசுகுசுவென்று சண்டை, கேஸ் அடுப்பை அணைத்தாயா இல்லையா என்று, அது தெரியாமல் அந்த அம்மாள் கிளம்பத் துடிக்கிறாள். நாலாவது ஆள் வாயைப் பிளந்து தூங்குகிறார். தூங்குகிறவர் பார்வையாளரா. ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதைதான். மண்டபம் என்றால் என்ன பேர் வைப்பார்கள், நட்சத்திர மஹால் என்றுதான் வைப்பார்கள், புரொஜக்டர் நிற்கிற இடத்தில் மணமேடை, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், பழைய இரும்புக்கா, அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளைத் துளைத்தவன் எந்தத் தேசத்துக்காரனோ, அவனுக்குச் சாத்தனேரி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. முதல் முகூர்த்தத்துக்கு நான் பந்திப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி நிற்பேன். சாம்பார் பத்தவில்லை என்று எவனாவது என்னை வந்து கேட்பான். நான் ஆள் அனுப்பி வைக்கிறேன் என்பேன். பொறுப்பாகத்தான் செய்வேன், அதுதான் கேவலம்.

முப்பத்திரண்டு. ஆவுடையப்பன் சொன்ன நேரத்துக்கு எழுந்தார், அந்தக் காலத்தில் டிரிப் எடுத்த மாதிரி, ஒரு விநாடி முந்தவுமில்லை பிந்தவுமில்லை. வேட்டியை உதறிக் கட்டினார். ‘எங்க சார் போறீங்க’ என்றாள் பேச்சிசெல்வி வாசல் பக்கமிருந்து. ‘என் அரை மணி முடிஞ்சுது தாயி. தலை சுத்தல, வாந்தி இல்ல, நல்லா இருக்கேன்.’ ‘சரி, மாத்திரையை வாங்கிட்டுப் போங்க.’ அவ்வளவுதான். என் இருபத்தேழு வருஷத்தையும் இவர்கள் இரண்டு பேரும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. அடுப்புக்காரம்மாளும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் ஒரு எட்டு வைத்தார், இரண்டு எட்டு வைத்தார், என் வரிசைக்கு நேரே வருகிறார். மேலே டேப்காரி ‘இருளில்தான் அன்பர்களே ஒளியின் அருமை’ என்று ஆரம்பிக்கிறாள், எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயை மூடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘லூர்து, லைட்டை அணை’ என்று வந்தது. அது என் குரலா. அரங்கமே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து லூர்து, ‘டீச்சர், தீர்மானம் இருக்கே’ என்றான், அவனுக்கு நான் எப்போதும் டீச்சர்தான், இருபது வருஷத்துக்கு மேல் என்னிடம் திட்டு வாங்கிப் பழகினவன், தீர்மானம் என்றால் என்ன என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘ஆலோசனைதானேடா சொன்னாங்க’ என்றேன், ‘கேட்டாச்சு. அணை.’ உட்கார்ந்துகொண்டேதான் சொன்னேன். நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அணைத்தான். கண் கட்டின மாதிரி ஒரு இருட்டு, தன் கை தனக்கே தெரியாத இருட்டு. ‘என்ன மேடம் இது, யாருக்காவது ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும், எனக்கு யாருமே தெரியல’ என்று பேச்சிசெல்வி பதறினாள், அழுதுவிடுவாள் போலிருந்தது. பாவம், அவளும் ஒரு வருஷமாக யாரை யாரை எல்லாம் கண்ணுக்கு எதிரே தவற விட்டிருப்பாள். இதை நான் யோசிக்கவே இல்லை, டாக்டர் சொன்னது நியாயம்தானே, விளக்கைப் போடச் சொல்லலாம் என்று வாயெடுக்கப் போனேன். அதற்குள் பக்கத்து நடைபாதையிலிருந்து, ‘இந்தாம்மா நர்ஸம்மா, பயப்படாத’ என்று ஆவுடையப்பன் குரல். ‘எனக்கு வழி தெரியல, நான் இப்படியே படியில உக்காந்துக்கறேன். நைட் சர்வீஸ்ல பஸ்ஸுல லைட்டு போயிரும், டிக்கெட்டை எப்படி எண்ணுவேன்னு நினைக்கிற. நம்பர் சொல்லச் சொல்லுவேன். ஊசி போட்ட வரிசையில எல்லாரும் நம்பர் சொல்லுங்க. சத்தம் வரலைன்னா அந்த ஆளை மட்டும் போய்ப் பாரு. நான் ஒண்ணு.’ அப்புறம், ‘ரெண்டு’ என்றார் புருஷன்காரர். ‘மூணு, அடுப்பை அணைச்சேனான்னுதான் தெரியல’ என்றாள் அந்த அம்மாள். நாலு வரவில்லை. யாரோ ஓர் உலுக்கு உலுக்கினார்கள். ‘என்ன, ஸ்டாப் வந்துருச்சா’ என்றது தூக்கக் குரல். ‘நம்பர் சொல்லும்.’ ‘நாலு.’ ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ‘பத்து’ என்றேன் நான், ஸ்கூலில் பேர் கூப்பிட்டால் சொல்வது மாதிரி. பேச்சிசெல்வி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ‘ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா சொல்லணும்’ என்றாள், குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு. ‘படியில உட்கார்ந்தா கணக்குல வருமா ஐயா’ என்று நான் கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ‘நாற்காலின்னு பத்திரத்துல இல்ல. கூரைக்குக் கீழ இருந்தாப் போதும்’ என்றார். ‘நாற்காலி உங்களுக்கு மட்டும்தான்.’

அப்புறம்தான் நான் மேலே பார்த்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒன்று, நாலு, பத்து, அப்புறம் எண்ணவே முடியாத கூட்டம். வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் போகிறது, பால்வீதி, நான் ஆயிரம் தடவை பேர் சொன்னது, இவ்வளவு பெரிதா அது. கன்சோலில் நின்றால் இப்படித் தெரியாது, அங்கே சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். எவனும் பொரி உருண்டை தின்னவில்லை, இருமல்கூட இல்லை. நடுவில் மூன்று தடவை நம்பர் சொன்னார்கள், ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு மூலையிலிருந்து வந்தது, ஆறாம் நம்பர்க்காரருக்கு கட்டைத் தொண்டை, எட்டு ஒரு கூச்சக்காரப் பெண்பிள்ளை, முகம் யாருக்கும் இல்லை, மாஸ்க்கும் இல்லாத மாதிரி இருந்தது. நானும் என் முறைக்குச் சொன்னேன். பெண்டாட்டி புருஷனிடம், ‘எங்க ஊர்ல மாடியில படுத்தா இப்படித்தான் இருக்கும்’ என்றாள், அவர் ‘ம்’ என்றார், சண்டையைக் காணோம். ஊசி போட்ட கை இப்போது வலிக்கத் தொடங்கிவிட்டது, நன்றாகவே வலிக்கிறது, தோள் வரைக்கும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டேப்காரிகூடப் பேச்சைக் குறைத்துவிட்டாள், அந்த இடத்தில் வீணை மட்டும்தான் வைத்திருந்தோம். கிழக்கே லேசாகச் சிவப்பு. விடியப் போகிறது, அதாவது இரண்டு நிமிஷத்தில் முடியப் போகிறது. கதவுப் பக்கமிருந்து வேலாயுதப்பெருமாள் ஐயா தொண்டையைச் செருமினார். ‘முடியற நேரத்துக்கு எல்லாரும் இருந்தாங்கன்னு நான் எழுதணும். கடைசியா ஒரு தடவை எண்ணிருங்க’ என்றார். ‘ஒண்ணு’ என்றார் ஆவுடையப்பன் படியிலிருந்து. ரெண்டு. மூணு. நாலு, இப்போது தெளிவாக. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒம்பது. அதற்கப்புறம் சத்தத்தைக் காணோம். யார் அது சொல்லாமல் இருப்பது என்று நானும்தான் காத்திருந்தேன், கண்ணெல்லாம் கலங்கி, அவ்வளவு நட்சத்திரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வெளிச்சமாகத் தெரிகிறது. பிச்சுமணி சார் இதைப் பார்த்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் எப்போதாவது இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாரா, நான் ஒரு தடவையாவது வாங்க சார் என்று கூப்பிட்டேனா. ‘பத்து’ என்றார் கண்டக்டர். ‘யம்மா, பத்தாம் நம்பர். இறங்கிட்டீங்களா.’ ‘மேடம்’ என்று பேச்சிசெல்வி கத்துகிறாள், செருப்புச் சத்தம் இருட்டில் முட்டி மோதிக்கொண்டு என் பக்கம் ஓடி வருகிறது, ஒரு கை என் தோளைத் தடவி, கழுத்தைத் தடவி, நாடியைத் தேடுகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து என்ற சொல்லே வரவில்லை, நம்பரே மறந்துவிட்டது.

‘இருக்கேன்’ என்றேன்.